நாலாவது ரவுண்டு

ஜூன் 2, ஞாயிறு

என் வீட்டுக் கூடத்தில் இன்று முகமது அலியும் மைக் டைசனும் மோதினார்கள். அலி ஜெயித்தாராம். எனக்குக் கிடைத்தது ஒரு முறம் வேர்க்கடலைத் தோல், சோபாவுக்கு அடியில் அவித்த முட்டை ஓடு, சுவரில் யாரோ தலை சாய்த்ததால் வந்த எண்ணெய்க் கறை.

நானே ஒப்புக்கொண்டதுதான். ரயில்வே வேலையை விட்டபின் என் கணவர் பூபாலன் வீட்டில் பேசுவது குறைந்துவிட்டது. அவரைப் பழைய சிநேகிதர்களோடு இருக்க விடுங்கள் என்று டாக்டர் சொன்னார். அதே வாரம் ஜெயசிங் வந்து வாசலில் நின்றார். இவரும் பூபாலனும் ஏழாவது சந்து குத்துச்சண்டை மன்றத்தில் ஒன்றாக ஆடியவர்கள். இப்போது ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். வாய் ஓயாது.

“மன்றத்துல கூரை மாத்தறாங்க அண்ணி. ஞாயித்துக்கெழம பேச்சு மேட்ச்சு போட எடமில்ல. ரெண்டு மாசம்தான். அண்ணனுக்கும் பொழுது போவும்.”

ராயபுரத்துக்கு வாழ வந்து இத்தனை வருடத்தில் பேச்சு மேட்ச் என்றால் என்னவென்று இன்றுதான் பார்த்தேன். எந்தக் காலத்திலும் நேருக்கு நேர் மோதாத இரண்டு பேரை எடுத்துக்கொள்கிறார்கள். ஆளுக்கொரு ‘வாய்’. ஒரு வாய் தன் ஆள் எப்படி அடித்தான் என்று சொல்லும். எதிர் வாய் தன் ஆள் எப்படித் தப்பித்தான் என்று சொல்ல வேண்டும். சொல்லத் தெரியாமல் திணறினால் அடி விழுந்ததாகக் கணக்கு. மஸ்தான் பாய் எவர்சில்வர் தட்டில் கரண்டியால் தட்டினால் ரவுண்டு முடிந்தது. அவர் பெரியமேட்டில் தோல் மண்டி வைத்திருந்தவர், மன்றத்தின் நடுவர். அவர் சொல்வதே தீர்ப்பு.

“கல்லீரல் மேல ஒண்ணு வச்சான் பாரு டைசன். மூச்சு வராது, மூத்தரம்தான் வரும்” என்றார் டைசனுக்கு வாயாக இருந்த ஜெயசிங்.

“கல்லீரலுக்கு வரணும்னா மொதல்ல கிட்ட வரணும் இல்ல? வந்தானா? இவன் கை நீளம் இன்னா, அவன் கை நீளம் இன்னா. வந்தானா, சொல்லு.”

பேரன் எடுத்தவர்கள். உதட்டோரம் எச்சில் கட்டிக்கொண்டு, மற்றவர் முகத்துக்கு முன்னால் முஷ்டியை ஆட்டி, எலும்பு நொறுங்கும் சத்தத்தை வாயாலேயே எழுப்பினார்கள். அடுத்தவன் உடம்பில் எங்கே அடித்தால் எது வெளியே வரும் என்பதைப் பிரியாணியைப் பற்றிப் பேசுவதுபோலப் பேசுகிறார்கள். நான் நுண்ணுயிரியல் படித்தவள், உணவுப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். நடக்காத சோதனைக்கு நான் முடிவு எழுதினால் என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

பூபாலன் மூலை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. பினாயில் போட்டுத் தரையைத் துடைத்தேன்.

ஜூன் 5, புதன்

கேஸ் சிலிண்டருக்குப் பதிவு செய்தேன். பூபாலன் தன் மூக்குக்கண்ணாடியைத் தோசை மாவுச் சட்டிக்குள் வைத்திருந்தார். எல்லோருக்கும் நடப்பதுதான். மாவைக் கொட்டிவிட்டேன்.

ஜூன் 9, ஞாயிறு

இன்று செத்துப்போன இரண்டு ராயபுரத்துக்காரர்கள். ஒருவர் பெயர் ‘கத்திரி’ மணவாளன், இன்னொருவர் ‘பாறை’ இருதயராஜ். இவர் வெட்டி விலகுகிறவராம், அவர் நின்ற இடத்தில் நின்று வாங்கிக்கொண்டே கொடுக்கிறவராம். இவர்கள் உலகத்தில் மனிதர்கள் இரண்டே வகை. விலகுகிறவன், மேலே ஏறுகிறவன். யார் பெரியவன் என்ற கேள்விக்கு விடை கிடையாது என்று தெரிந்தும் தட்டில் கரண்டியால் அடித்து விடை சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

காப்பித் தம்ளர்களை எடுக்கப் போனபோது மஸ்தான் பாயிடம் கேட்டேன், எப்போதும் செத்தவர்களும் வெளிநாட்டுக்காரர்களும்தானா என்று.

“மன்றத்து ஆளு உயிரோட இருக்கறப்ப அவர வச்சி போட மாட்டோம்மா. எங்க காலத்துக்கு முன்னாலருந்தே அப்பிடித்தான். தோத்தவன் எப்பிடிம்மா எழுந்து வீட்டுக்குப் போவான்?”

இவர்களிடம் கேட்ட முதல் புத்தியுள்ள பேச்சு. அதைச் சொல்லி முடித்துவிட்டு என் பூந்தொட்டியில் துப்பினார்.

ஜூன் 16, ஞாயிறு

அந்த ஒரு விதியையும் இன்று உடைத்துவிட்டார்கள். அதுவும் பூபாலனுக்காகத்தான் என்கிறார்கள்.

ஆரம்பித்தவர் ஜெயசிங். “அண்ணன் ரெண்டு வாரமா பொம்ம மாதிரி குந்தினு கீறாரு. அவரு மேட்ச்சே போடுவோம். பூபாலன், லாரி ஏகாம்பரம்.”

ஏகாம்பரம் எண்ணூர்க்காரர். எதிரே என்ன இருந்தாலும் நிற்காமல் வருவதால் லாரி. பூபாலனோ ஈரத் தரையில் நடக்கிற பூனை மாதிரி ஆடுகிறவர் என்பார்கள், நான் பார்த்ததில்லை. இரண்டு பேருக்கும் ஒரு மேட்ச் முடிவாகி, விளம்பரத் தட்டி கட்டி, கடைசியில் நடக்காமல் போயிருக்கிறது. ஏன் நடக்கவில்லை என்பதற்கு ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். நான் காப்பி போட உள்ளே போய்விட்டேன்.

மஸ்தான் பாய் முதலில் தலையசைக்கவில்லை. பிறகு பூபாலனின் முகத்தைப் பார்த்துவிட்டுத் தட்டை எடுத்தார். நானும் பார்த்தேன். முகம் விழித்துக்கொண்டிருந்தது. நாற்காலிக்கு அடியில் பாதங்கள் அசைந்தன.

ஜெயசிங் பூபாலனின் வாய். எண்ணூரில் சொந்தம் உள்ள இன்னொருவர் ஏகாம்பரத்தின் வாய். மூன்று ரவுண்டு ஏதோ சமமாகப் போயிற்று. நான்காவதில் ஏகாம்பரத்தின் வாய் பூபாலனைக் கயிற்றோரம் தள்ளி, தப்பிக்க வழி சொல் என்று நின்றார். ஜெயசிங்குக்கு வழி தெரியவில்லை. தோற்கவும் மனமில்லை.

“ரெண்டு பேரும் முட்டினு நிக்கறாங்களா? அண்ணன் குனிஞ்சி நிமிர்றாரு. தலை போயி நேரா அவன் கண்ணுல முட்டுது. தெரியாமதான். பொளந்துக்கிச்சி. ரத்தம்னா ரத்தம். கண்ணே தெரியல அவனுக்கு. அந்த நேரத்துல அண்ணன் ஒரு லெஃப்ட்டு. படுத்துட்டான்.”

கூடமே எழுந்து கத்தியது. மஸ்தான் பாய் தட்டைத் தட்டினார். பூபாலன் கை தட்டினார். ஒருவன் கண் பிளந்ததற்கு என் கணவர் சிறுபிள்ளை மாதிரி கை தட்டினார்.

சாப்பாட்டின்போது தோசை கேட்டுக் கேட்டு வாங்கிக்கொண்டார். பழையபடி மிளகாய்ப்பொடிக்கு எண்ணெய் போதவில்லை என்றார். அதையும் எழுதிவைக்கிறேன்.

ஜூன் 20, வியாழன்

கூடத்துச் சுவரைக் கழுவினேன். எண்ணெய்க் கறை போகவில்லை.

ஜூன் 25, செவ்வாய்

நரம்பியல் நிபுணரிடம் போனோம். எத்தனை வருடம் குத்துச்சண்டை ஆடினீர்கள் என்று அவர் கேட்டதும் பூபாலன் கோர்வையாகப் பேசினார். எனக்கே ஆச்சரியம்.

“கடைசி மேட்ச்சு எண்ணூர் ஏகாம்பரத்தோட சார். நாலாவது ரவுண்டுல படுக்க வச்சேன்.”

அப்படி ஒரு மேட்ச் நடக்கவேயில்லை என்று நான் சொன்னேன். டாக்டர் என்னைப் பார்க்காமல் எழுதிக்கொண்டே, “அவருக்கு நடந்திருக்கு மேடம். கதையா கேட்டது நினைவா உட்கார்ந்துடும். இந்த நோய் அப்படித்தான்” என்றார்.

ஸ்கேன் முடிவு கைக்கு வந்துவிட்டது. அதிலுள்ள சொற்களை இங்கே எழுதப்போவதில்லை. அவை எனக்குப் புரிகின்றன என்பதுதான் தொல்லை. திரும்பும் வழியில் கறிவேப்பிலையும் பல்பும் வாங்கினேன்.

ஜூன் 30, ஞாயிறு

நிறுத்திவிடச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஞாயிறு மாலை மட்டும்தான் அவர் சட்டைப் பொத்தானைச் சரியாகப் போட்டுக்கொள்கிறார்.

இன்று மேட்ச் முடிந்ததும் ஏதோ கல்யாணத்தில் எடுத்த படங்களைக் கைப்பேசியில் சுற்றுக்கு விட்டார்கள். ஒன்றில் ஏகாம்பரம் இருந்தார். தலை முழுக்க நரை. இடது கண் இருந்த இடத்தில் வெள்ளையாக ஒரு மூடல்.

“கண்ணு?” என்றார் பூபாலன்.

“அது போயி ரொம்ப வருசம் ஆவுதேண்ணே” என்று சொல்லிவிட்டு ஜெயசிங் அடுத்த படத்துக்குத் தள்ளினார்.

இரவு பூபாலனின் தட்டில் வைத்த இட்லி அப்படியே காய்ந்தது.

ஜூலை 3, புதன்

இன்றும் தட்டை நகர்த்திவிட்டார்.

ஜூலை 5, வெள்ளி

கஞ்சி, ரசம் சாதம், அவருக்குப் பிடித்த வஞ்சிரம் வறுவல். எல்லாம் குப்பைக்குப் போயின. ஊட்டப் போனால் உதட்டை இறுக்கிக்கொள்கிறார். காப்பி மட்டும் இரண்டு வாய். ஏன் என்று கேட்டால் சுவரைப் பார்க்கிறார்.

கடைசியில் சொல்லிவிட்டார். “ஒர்த்தன் கண்ண எடுத்துட்டேன். மேட்ச்சுல முட்டி, பொளந்து. நான் கை தட்டுனேன் சியாமளா. எனக்கு ஞாபகம் கீது. நான் கை தட்டுனேன்.”

கை தட்டியது உண்மைதான். அதுமட்டும்தான் உண்மை.

ஜூலை 7, ஞாயிறு

அவர்கள் வந்ததும் ஜெயசிங்கை மட்டும் உள்ளே விட்டேன். நீங்கள் உண்டாக்கியதை நீங்களே இல்லை என்று சொல்லுங்கள் என்றேன். அவர் நிஜமாகவே ஆடிப்போய்விட்டார். பூபாலனின் காலடியில் உட்கார்ந்துகொண்டார்.

“அண்ணே, சத்தியமா நான் வுட்ட ரீலுண்ணே அது. ஏகாம்பரத்தோட நீ மோதவேயில்ல. தோத்துடக் கூடாதேன்னு சொம்மா சொன்னேன்.”

பூபாலன் அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார். “எனக்கோசரம் பொய் சொல்ற. நீ நல்லவன்டா.”

ஜெயசிங் அழுதுகொண்டே வெளியே போனார். மூக்கைத் திரைச்சீலையில் துடைத்தார். திரைச்சீலையை வெந்நீரில் போட்டேன். அந்த ஆளைத் திட்டக்கூட எனக்கு வாய் வரவில்லை. அருவருப்பு மட்டும் மிச்சம்: அவர் மேல், தட்டின்மேல், கரண்டியின்மேல், இதையெல்லாம் கூடத்துக்குள் கொண்டுவர அனுமதித்த என்மேல்.

ஜூலை 9, செவ்வாய்

எடை நிறைய இறங்கிவிட்டது. இந்த வாரமும் சாப்பிடவில்லை என்றால் மருத்துவமனையில் சேர்த்து மூக்கு வழியாகக் குழாய் போட வேண்டியிருக்கும் என்றார் டாக்டர். இவர் அதைப் பிடுங்கிப்போடுவார், அதனால் கையையும் கட்ட வேண்டிவரலாம் என்றார். இந்தக் கைகளையா என்று கேட்க நினைத்தேன்.

ஜூலை 12, வெள்ளி

விடுப்பு எடுத்துக்கொண்டு எண்ணூர் போனேன். ஆட்டோக்காரர் பாதி வழிக்கு மேல் வர மறுத்தார். ஏகாம்பரத்தின் வீடு மீன் உலர்த்தும் இடத்துக்குப் பின்னால். காற்றே உப்புக் கரித்தது. அவர் லுங்கியோடு வாசலில் உட்கார்ந்து வலது கண்ணால் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார்.

நான் யார் என்று சொன்னதும் தாளை மடித்தார்.

“பூபாலன் சம்சாரமா? அந்தக் காலேஜ் பொண்ணு?”

நடந்ததைச் சொன்னேன். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை.

“வெல்டிங் பண்றப்ப பொறி பூந்துச்சும்மா. கண்ணாடி போடல. அவ்ளோதான் கதை. அவன் மேல என்னா தப்பு? மோதுனாத்தான தப்பு.” பிறகு என்னைப் பார்த்தார். “அந்த மேட்ச்சுக்கு டிக்கெட்டுலாம் அடிச்சாச்சு. ஆறு மாசம் பீச்சு மண்ணுல ஓடுனேன். ஞாயித்துக்கெழம மேட்ச்சு. வெள்ளிக்கெழம வந்து சொல்றானுங்க, அவனுக்குக் கண்ணாலம், பொண்ணு ஆடக்கூடாதுன்னு சொல்லிட்ச்சு, இனிமே கையே வைக்க மாட்டான்னு.”

இதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

நாளை வர முடியுமா என்று கேட்டேன். “அவன் சோறு துண்ணலன்ற. வராம?” என்றார்.

ஜூலை 13, சனி

வந்தார். சலவைச் சட்டை போட்டிருந்தார். கையில் ஒரு டஜன் வாழைப்பழம். பூபாலன் அவரைப் பார்த்ததும் எழுந்து நின்று கைகூப்பினார். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

“நைனா, நீயும் நானும் மோதவேயில்ல. நீ என்னத் தொட்டதுகூட இல்ல.”

“மன்னிச்சுட்டியா?”

“மன்னிக்கறதுக்கு நீ இன்னா பண்ண? மோதவேயில்லன்றேன்.”

“பெரிய மனசு உனக்கு” என்றார் பூபாலன். உண்மை அவர் மேல் பட்டு வழுக்கி விழுந்தது. வாழைப்பழத்தைத் தொடவில்லை.

ஏகாம்பரம் வந்ததைக் கேள்விப்பட்டு மன்றத்து ஆட்கள் வாசலில் கூடியிருந்தார்கள். மஸ்தான் பாய் அப்போதுதான் வாயைத் திறந்தார். ஒரு பேச்சு மேட்சை யாரும் வாயால் இல்லையென்று சொல்ல முடியாதாம். மறுமேட்ச் போட்டு, நடுவர் பழையது செல்லாது என்று தட்டைத் தட்டினால்தான் அது அழியுமாம். ஏற்கெனவே பேசிய வாய் மறுபடி அதே ஆளுக்குப் பேசக்கூடாதாம். அவர் இதைக் கோர்ட்டில் சட்டப்பிரிவு சொல்வதுபோலச் சொன்னார். அவரை வெளியே போகச் சொல்ல நான் வாயெடுக்கும்போது பூபாலன் தலையை ஆட்டினார்.

“சரிதான். மறுமேட்ச்சு போட்டா பழசு செல்லாது. அது ரூலு.”

பல நாட்களுக்குப் பிறகு அவர் ஒன்றை ஒப்புக்கொண்டது அப்போதுதான்.

“எனக்கு நானே பேசிக்கறேன்” என்றார் ஏகாம்பரம். “உனக்கு யாருப்பா வாய்?”

பூபாலன் சுற்றிப் பார்த்தார். ஜெயசிங் தலையைக் குனிந்துகொண்டார். பூபாலனின் விரல் என் பக்கம் நீண்டது.

“சியாமளா பேசட்டும். அவளுக்குப் பொய் வராது.”

பெண் பிள்ளை பேசியதில்லையே என்று யாரோ முனகினார்கள். எனக்கும் அதே ஆட்சேபம்தான், வேறு காரணத்துக்காக. நாளை என்று சொல்லி எல்லோரையும் அனுப்பினேன். பாத்திரம் கழுவும்போது ஒரு கண்ணாடித் தம்ளர் உடைந்தது.

ஜூலை 14, ஞாயிறு

கூடம் நிரம்பிவிட்டது. வியர்வையும் பீடியும் தைலமும் கலந்த நாற்றம். மின்விசிறி அதைக் கலக்கி எல்லோருக்கும் சமமாகக் கொடுத்தது. நான் சோபாவின் நுனியில் உட்கார்ந்தேன். எதிரே ஏகாம்பரம். நடுவில் நாற்காலியில் பூபாலன், கழுத்து எலும்பு துருத்திக்கொண்டு.

மஸ்தான் பாய் முதலில் தட்டை மூன்று முறை தட்டினார். “பழைய மேட்ச்சு செல்லாது.” பூபாலன் அவர் வாயையே பார்த்தார்.

என் திட்டம் எளிமையானது. நாலு ரவுண்டு, தலை முட்டாமல், சமம் என்று முடித்துவிட்டு எல்லோரையும் வெளியே அனுப்பிக் கூடத்தைக் கழுவுவது.

ஏகாம்பரம் விட்டுக்கொடுக்கவில்லை. “நேரா வரேன். வவுத்துல ஒண்ணு, விலாவுல ஒண்ணு. சொல்லும்மா, எங்க போவான்?”

எனக்கு ஒன்றும் தெரியாது என்றுதான் நினைத்தேன். பிறகு எங்கள் சமையலறை நினைவுக்கு வந்தது. இரண்டு பேர் நிற்க இடமில்லாத சமையலறை. நான் கொதிக்கும் சாம்பாரோடு திரும்பும்போது பூபாலன் பின்னால் வந்திருப்பார். எந்த நாளும் இடித்ததில்லை. இடது காலை வெளியே வைத்து, இடுப்பை மட்டும் ஒடித்து, என்னைச் சுற்றிக்கொண்டு போய்விடுவார்.

“இடது காலை வெளியே வைக்கிறார். நீங்கள் அடித்த இடத்தில் அவர் இல்லை. உங்கள் பக்கவாட்டில் நிற்கிறார்” என்றேன்.

“அட” என்றார் யாரோ.

“அங்கிருந்து ஒரு ஜாப் குத்து. காதோரம்.”

ஏகாம்பரம் ஒற்றைக் கண்ணால் என்னைக் கவனமாகப் பார்த்தார். “வாங்கிக்கறேன்.” மஸ்தான் பாய் தட்டினார்.

இரண்டாவது ரவுண்டு அவருக்குப் போயிற்று. மூலையில் மடக்கினார், எனக்கு வழி தெரியவில்லை. மூன்றாவதில் எனக்கு இன்னொன்று நினைவு வந்தது. பரணில் இருந்து எதை எடுப்பதானாலும் பூபாலனின் வலது தோள் முதலில் தாழும். பார்ப்பவர்கள் வலது கை வருகிறது என்று நினைப்பார்கள். எடுப்பது இடது கையால். அதைச் சொன்னேன். ஏகாம்பரம் தோளைப் பார்த்து ஏமாந்தார். அடுத்ததும் விழுந்தது. அதற்கடுத்ததும் விழுந்தது. நான் எழுந்து நின்றிருக்கிறேன். எப்போது எழுந்தேன் என்று தெரியவில்லை. என் வலது கை முஷ்டியாக மூடியிருந்தது. “மூக்கில்” என்று சொன்ன குரல் என்னுடையதுதான்.

“அண்ணி, வுடாத அண்ணி, வுடாத” என்று ஜெயசிங் கத்தினார். அந்தக் கூச்சல் எனக்கு வேண்டியிருந்தது. இதை எழுதும்போதே அருவருப்பாக இருக்கிறது.

நான்காவது ரவுண்டு.

ஏகாம்பரம் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார். “எல்லாத்தையும் வாங்கினு உள்ள வரேன். கயித்தோரம் வந்துட்டான். நெஞ்சோட நெஞ்சு. அவன் குனிஞ்சி கீறான். நிமிரணும். சொல்லும்மா.”

அதே இடம். பூபாலன் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டிருந்தார். கண்கள் மூடியிருந்தன.

முட்டாமல் நிமிர ஒரே வழிதான் இருந்தது. தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்வது. இழுத்தால் தாடை திறந்துகொள்ளும். இத்தனை நாள் இவர்கள் கத்தியதில் அவ்வளவு எனக்குப் புரிந்திருந்தது. மூன்றாவது ரவுண்டு என்னுடையது. இன்னும் ஒன்று கிடைத்தால் பூபாலன் ஜெயித்துவிடுவார் என்பதும் புரிந்திருந்தது. வேறு வழி இருக்கிறதா என்று தேடினேன். அவருக்காகத் தேடினேனா, ஜெயிப்பதற்காகவா?

“தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்கிறார். உங்கள் மேல் படவில்லை. நெற்றியில்கூடப் படவில்லை” என்றேன்.

“அப்போ தாடை தெறந்துக்குது.”

“ஆமாம்.”

“என் ரைட்டு வருது. தப்பிக்க வழி சொல்லு.”

“இல்லை” என்றேன். “விழுகிறது.”

மஸ்தான் பாய் எண்ண ஆரம்பித்தார். அவர் எண்ணி முடித்துத் தட்டைத் தட்டி, எண்ணூர் ஏகாம்பரம் என்று சொன்னபோது பூபாலன் கண்ணைத் திறந்தார். கையைத் தாடைக்குக் கொண்டுபோய்த் தடவிப் பார்த்தார். இப்படியும் அப்படியும் அசைத்துப் பார்த்தார்.

“படுக்க வச்சிட்டியே” என்றார் ஏகாம்பரத்திடம்.

“வச்சிட்டேன் நைனா.”

“நான் முட்டல.”

“நீ எங்க முட்டன? சுத்தமா ஆடுன. சுத்தமாத்தான் வாங்குன.”

பூபாலன் சிரித்தார். பக்கத்தில் வரச் சொல்லி ஏகாம்பரத்தின் முகத்தைக் கையால் திருப்பிப் பார்த்தார். ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பி, யாரோ புதிய ஆளைப் பார்ப்பதுபோல.

“உன் கண்ணு இன்னாத்துக்கு இப்பிடி ஆச்சு?”

“வெல்டிங் பொறி. கண்ணாடி போடாம வேல செஞ்சேன்.”

“அறிவு இல்ல உனக்கு? கண்ணாடி போடறதில்ல?” என்று அதட்டினார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார். “சோறு கீதா?”

ஏகாம்பரத்துக்கும் சேர்த்துப் போட்டேன். வத்தக்குழம்பு, அப்பளம். இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து விரலை நக்கிச் சாப்பிட்டார்கள். பூபாலன் மோர் கேட்டார். பார்க்கச் சகிக்கவில்லை. எழுந்து போகவுமில்லை.

ஜூலை 15, திங்கள்

காலையில் இட்லி, மதியம் சாதம். பரிசோதனைக் கூடத்திலிருந்து இரண்டு முறை தொலைபேசியில் கேட்டுக்கொண்டேன். நேற்றைய மேட்ச் அவருக்கு நினைவில்லை. பழையதும் இல்லை. தாடை வலிக்கிறது, ஏன் என்று தெரியவில்லை என்றார். தைலம் தடவினேன்.

பொய் வராது என்று சொல்லி என்னைப் பேசவைத்தார். நான் கூடம் நிறைய ஆள் வைத்துக்கொண்டு ஒரு முழுப் பொய்யைச் சொன்னேன், நம்பிவிட்டார். கையை டெட்டால் போட்டு இரண்டு முறை கழுவியும் எதையோ தொட்ட உணர்வு போகவில்லை. எனக்குத் திரும்பத் திரும்ப ஞாபகம் வருவது அந்தப் பொய்யல்ல. மூன்றாவது ரவுண்டு.

ஜூலை 21, ஞாயிறு

மன்றத்துக் கூரை முடிந்துவிட்டதாம். அடுத்த வாரத்திலிருந்து இங்கே வரமாட்டார்கள். பூபாலனை ஜெயசிங் ஆட்டோவில் அழைத்துப்போய்க் கொண்டுவந்து விடுவார். நல்லதாயிற்று. கூடத்துக்குச் சுண்ணாம்பு அடிக்கச் சொல்லியிருக்கிறேன்.

போகும்போது ஜெயசிங் வாசலில் தயங்கினார். அலி, டைசன் மேட்சின் தீர்ப்பை ஏகாம்பரம் ஒத்துக்கொள்ளவில்லையாம், மறுமேட்ச் கேட்கிறாராம். பழைய வாய் பேசக்கூடாதாம். டைசனுக்கு நீங்கள் பேசுகிறீர்களா அண்ணி என்றார்.

முடியாது என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். வேலை இருக்கிறது. தவிர, டைசனுக்குப் பேசுவதில் அர்த்தமில்லை. ஆரம்பத்திலேயே முடிக்காவிட்டால் அவருக்கு மூச்சு வாங்கும், அலி விலகி விலகியே அவரைக் களைக்கவைத்துவிடுவார். உள்ளே நுழைய ஒரே ஒரு வழி இருக்கிறது. தோளைத் தாழ்த்த வேண்டும். அதை ஜெயசிங் யோசிக்கவேயில்லை.